பருத்திமாரில் உறங்கும் புழு

அரிதில் கிட்டும் பயன் ஒன்று தானே கைக்கு வந்து சேர்ந்தால், ‘பருத்தி புடவையாய்க் காய்த்தது போல’ என்பது வழக்கு. பருத்தி ஒருபோதும் புடவையாய்க் காய்ப்பதில்லை என்பதை நன்கறிந்தவர்கள் சொன்ன சொல் அது. பறிப்பவர், விதை நீக்குபவர், நூற்பவர், சாயமிடுபவர், நெய்பவர் எனப் பல கைகள் மாறித்தான் அது புடவையாகிறது. இவர்கள் அனைவருக்கும் முன்பாகப் பருத்தியைத் தொடுவது பூச்சி. அது கெடுத்த பருத்தியைப் பின்னால் வரும் எந்தக் கையாலும் முழுமையாகச் சீர்செய்ய இயலாது.

நான் வசிக்கும் ஸ்ரீரங்கத்தில் பருத்தி வயல் இல்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இத்தீவில் நெல்லும் வாழையும் தென்னையும்தான் கண்ணில் படும். ஆனால், கொள்ளிடப் பாலத்தைக் கடந்து சமயபுரம் வழியாக வடக்கே சென்றால் காட்சி மாறிவிடும். பெரம்பலூர் மாவட்டத்தின் கரிசல் நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் முதன்மைப் பயிர்கள். பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சி மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. காவிரியின் தென்கரையில், இன்று திருச்சி மாநகருக்குள் அடங்கிவிட்ட உறையூர் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பேடு ஒன்று ‘அர்கரு’ என்னும் ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் அங்கு நடத்திய அகழாய்வில் செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டி ஒன்று வெளிப்பட்டது. பருத்தியின் தரம் இப்பகுதிக்கு நேற்று முளைத்த கவலை அல்ல.

வேளாண் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் வயல்களைப் பார்க்கச் செல்லும் பழக்கம் என்னை விடவில்லை. கடந்த தை மாதம் பெரம்பலூர் அருகே ஒரு மானாவாரிப் பருத்தி வயலில் நின்றிருந்தேன். செடிகள் செழிப்பாகத்தான் இருந்தன. பச்சைக் காய்கள் சிலவற்றைப் பறித்து, வயலுக்கு உரிய அம்மாவின் முன்னால் உடைத்துக் காட்டினேன். வெளியே ஓட்டை எதுவும் இல்லை. உள்ளே நான்கு சுளைகளில் ஒன்று பழுப்பேறிச் சிதைந்திருந்தது. அரை அங்குலத்துக்கும் குறைவான இளஞ்சிவப்பு நிறப் புழு ஒன்று விதைக்குள்ளிருந்து தலையை நீட்டியது. “வெளிய பாத்தா நல்லாத்தானே சார் இருக்கு” என்றார் அவர். இந்தப் பூச்சியின் வெற்றி முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

விதையும் இழையும்

பருத்திக்கு வரும் கேட்டைப் புரிந்துகொள்ள இழையின் பிறப்பை அறிய வேண்டும். பருத்தி இழை ஒவ்வொன்றும் விதைத்தோலிலிருந்து முடிபோல வளரும் ஒற்றைச் செல். பூ மலர்ந்த பின் ஏறக்குறைய முதல் மூன்று வாரங்கள் அது நீளத்தில் வளர்கிறது. அதன்பின் அதன் சுவர் உட்புறமாகப் படிப்படியாகத் தடித்து வலுப்பெறுகிறது. ஏறக்குறைய 50 நாட்களில் காய் முற்றி வெடிக்கிறது. இழைக்கு உணவு வருவது விதை வழியாக. ஆகவே, விதையைத் தின்னும் புழு அவ்விதையின் மேல் வளரும் இழைகளையும் பட்டினி போடுகிறது. முதல் வாரங்களில் தாக்குதல் நேர்ந்தால் இழை குட்டையாகும்; பிந்தி நேர்ந்தால் நீளம் இருக்கும், வலு இருக்காது.

வலுவற்ற மெல்லிய சுவர் கொண்ட இழை சாயத்தைச் சரியாகப் பிடிப்பதில்லை. நூற்கும்போது அவ்விழைகள் சுருண்டு சிறு முடிச்சுகளாகின்றன. துணிக்குச் சாயமிட்ட பின் அம்முடிச்சுகள் வெளிறிய புள்ளிகளாகத் தெரிகின்றன. கடையில் புடவையை விரித்துப் பார்ப்பவர் சாயக்காரரைக் குறை சொல்வார். குறை பிறந்த இடமோ பல மாதங்களுக்கு முன் ஒரு பச்சைக் காயின் உட்புறம்.

பருத்தியைத் தாக்கும் பூச்சிகளை இரு வகைகளாகப் பிரிக்கலாம். முதல் வகை சாறுண்ணிகள். அசுவினி, தத்துப்பூச்சி, இலைப்பேன், வெள்ளை ஈ, மாவுப்பூச்சி ஆகியவை இலையின் சாற்றை உறிஞ்சுகின்றன. இலை சுருங்கி மஞ்சளித்துச் செடி தளர்கிறது, மொட்டுகள் உதிர்கின்றன. இது விளைச்சல் இழப்பு. தர இழப்பு இன்னொரு வழியில் வருகிறது. அசுவினியும் வெள்ளை ஈயும் தேன் போன்ற இனிப்புக் கழிவை வெளியேற்றுகின்றன. வெடித்த பருத்தியின் மேல் அது விழுந்தால் பஞ்சு பிசுபிசுக்கும். அதன் மேல் கரும்பூசணம் படரும். இத்தகைய பஞ்சு நூற்பாலையின் உருளைகளில் ஒட்டிக்கொண்டு நூலை அறுக்கிறது. வெடித்த காய்களில் கூட்டமாக அமரும் சிவப்பு நாவாய்ப்பூச்சி விதையின் சாற்றை உறிஞ்சி, பஞ்சில் கறையை விட்டுச் செல்கிறது. சாம்பல் நிற நாவாய்ப்பூச்சிகளோ பருத்தியோடு சேர்ந்தே ஆலைக்குப் போய், விதை நீக்கும்போது நசுங்கி நிறத்தைக் கெடுக்கின்றன.

இரண்டாம் வகை காய்ப்புழுக்கள்: புள்ளிக் காய்ப்புழு, அமெரிக்கன் காய்ப்புழு, இளஞ்சிவப்புக் காய்ப்புழு. அமெரிக்கன் காய்ப்புழு துவரை, கொண்டைக்கடலை, தக்காளி எனக் கிடைத்ததையெல்லாம் தின்னும். காயில் பெரிய துளையிட்டு வெளிப்படையாகவே அழிக்கும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு அப்படியல்ல. பருத்தியையும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த வெண்டை போன்ற சில செடிகளையும் தவிர அதற்கு வேறு புகலிடம் இல்லை. முட்டையிலிருந்து வெளிவந்த நுண்ணிய புழு பிஞ்சுக் காய்க்குள் நுழைகிறது. நுழைந்த துளை விரைவில் மூடிக்கொள்கிறது. அதன்பின் எந்த மருந்தைத் தெளித்தாலும் புழுவை எட்டாது.

தாக்கப்பட்ட சுளை பஞ்சாக விரிவதில்லை. பாதி திறந்து, கறையேறி, கெட்டியாக நின்றுவிடுகிறது. இதைத்தான் கொட்டுப் பருத்தி என்று ஒதுக்குகிறோம். விதையில் முளைப்புத்திறனும் எண்ணெயும் குறைகின்றன. நூறு கிலோ பருத்தியில் பஞ்சு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். எஞ்சியதில் பெரும்பகுதி விதை. ஆக, எடை, பஞ்சின் தரம், விதையின் மதிப்பு என மூன்று பக்கமும் இழப்பு.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் மறைமுக ஏலத்தில் வணிகர் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து விலை எழுதுகிறார். நல்ல பருத்தியோடு கொட்டு கலந்திருந்தால் குவியல் முழுவதற்கும் விலை இறங்கும். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு நடுத்தர இழைப் பருத்திக்கு 7,710 ரூபாய், நீள இழைப் பருத்திக்கு 8,110 ரூபாய். அது உரிய தரமும் உரிய ஈரப்பதமும் கொண்ட பருத்திக்கான விலை. புழு தின்ற பருத்திக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

மருந்தும் மரபணுவும்

1990களில் நாட்டின் சாகுபடிப் பரப்பில் ஏறக்குறைய 5 விழுக்காடே கொண்டிருந்த பருத்தி, பூச்சிக்கொல்லிகளில் ஏறத்தாழப் பாதியை உட்கொண்டது. அந்நாட்களில் என்னிடம் வந்த உழவர்களுக்கு நானும் ஒரு மருந்தின் பெயரை எழுதித் தந்து அனுப்பியிருக்கிறேன். அது பலிக்காதபோது வேறொரு பெயரை எழுதினேன். பொறிவண்டும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் ஒட்டுண்ணிக் குளவிகளும் அம்மருந்தில் மடிந்தன. எதிர்ப்புத்திறன் பெற்ற புழுக்கள் எஞ்சின. தெளிப்பவரின் உடலும் இதற்கு விலை கொடுத்தது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20 பேருக்கு மேல் நஞ்சேறி உயிரிழந்தனர்.

2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்றின் மரபணுவால் செடியே புழுவைக் கொல்லும் புரதத்தை உண்டாக்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. 2006இல் இரண்டு மரபணுக்கள் கொண்ட அடுத்த வகை வந்தது. அமெரிக்கன் காய்ப்புழு அடங்கியது, தெளிப்பு குறைந்தது. இந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால், இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடங்கவில்லை. முதல் மரபணுவை அது வென்றுவிட்டது 2010இல் குஜராத் வயல்களிலிருந்து அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டு மரபணுக்களையும் தாங்கும் புழுக்கள் அதே மாநிலத்தில் தென்பட்டன; பின்னர் மகாராஷ்டிரம், தெலங்கானா, கர்நாடகம் எனப் பரவின. இதைத் தள்ளிப்போடவே 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் தனிப் பையில் தரப்பட்டது. வயலைச் சுற்றி அதை விதைத்தால், எதிர்ப்புத்திறன் அற்ற அந்துப்பூச்சிகள் அங்கே வளர்ந்து, எதிர்ப்புத்திறன் பெற்றவற்றோடு கூடி, அத்திறன் பெருகுவதைத் தாமதப்படுத்தும். அந்தச் சிறு பை பெரும்பாலும் பிரிக்கப்படவே இல்லை. புழுவுக்கென்று நிலம் ஒதுக்கும் மனம் யாருக்கு வரும்? இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருப்பவரிடம் அதை எதிர்பார்த்தவர்கள், காரணத்தையாவது அவருக்கு விளங்கச் சொல்லியிருக்க வேண்டும். என் போன்றோர் அதைப் போதிய அளவு செய்யவில்லை.

இரண்டு பருவங்களின் சந்திப்பு

இப்போது திருச்சி வட்டாரத்தின் தனித்த சிக்கலுக்கு வருகிறேன். பெரம்பலூர், அரியலூர், துறையூர்ப் பக்கங்களின் மானாவாரிப் பருத்தி ஆவணி, புரட்டாசியில் விதைக்கப்பட்டு, தை, மாசியில் பறிக்கப்படுகிறது. காவிரிப் பாசனப் பகுதியிலோ சம்பா அறுவடைக்குப் பின், நெல் தரிசில், தை, மாசியில் பருத்தி விதைக்கிறார்கள். ஆனி, ஆடி வரை பறிப்பு நடக்கும். கும்பகோணம், பாபநாசம், திருவாரூர் விற்பனைக்கூடங்களுக்குக் கோடையில் வந்து குவியும் பருத்தி இதுதான். இரண்டு நாட்காட்டிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வடக்கே கரிசலில் ஒரு பயிர் முடியும் வேளையில், கிழக்கே வண்டலில் இன்னொன்று முளைக்கிறது. கரிசல் வயலில் பங்குனி வரை செடிகளை விட்டுவைத்தால், அங்கு வெளிவரும் அந்துப்பூச்சிகளுக்குப் பாசனப் பகுதியில் புது மொட்டுகள் காத்திருக்கும். காற்றின் துணையோடு நெடுந்தொலைவு பறக்கவல்லவை அவை.

புழுவின் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். ஒரு பெண் அந்துப்பூச்சி நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். முதல் பறிப்பு தூய்மையாகவும் கடைசிப் பறிப்பு கொட்டாகவும் இருப்பது இதனால்தான். ஒவ்வொரு தலைமுறையிலும் கூட்டம் பெருகுகிறது. பயிர் முடிந்த பின், எஞ்சிய காய்களிலும், இரண்டு விதைகளை ஒட்டவைத்து அமைத்துக்கொள்ளும் கூட்டிலும், மண்ணிலும் புழு உறங்குகிறது. அடுப்பெரிக்கவும் வேலி கட்டவும் வீட்டோரம் அடுக்கிவைக்கும் பருத்திமாரில் ஒட்டியிருக்கும் வெடிக்காத காய்கள் அதற்குத் தங்குமிடம். ஜின்னிங் ஆலையிலும் கிடங்கிலும் கிடக்கும் விதையும் அப்படியே. அடுத்த ஆண்டின் முதல் புழு வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. நம் கொல்லையிலிருந்தே கிளம்பலாம்.

இதிலேயே தீர்வும் இருக்கிறது. எதையும் தின்னும் அமெரிக்கன் காய்ப்புழுவைப் பட்டினி போட முடியாது. பருத்தியையே நம்பி வாழும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை முடியும். வட்டாரத்தில் சில மாதங்கள் பூவும் காயும் இல்லாத இடைவெளி இருந்தால், வெளிவரும் அந்துப்பூச்சிகள் முட்டையிட இடமின்றி மடியும். ஆனால், ஒருவர் மட்டும் செடியைப் பிடுங்கிப் பயனில்லை. பக்கத்து வயலில் செடி நின்றால் போதும், இவருடைய அடுத்த பயிருக்குப் புழு தயார். மருந்தடிப்பது தனியொருவரின் வேலையாக இருக்கலாம். பருவத்தை முடிப்பது ஊரின் வேலை.

நூறாண்டுக்கு முந்தைய பாடம்

இது புதிய சிந்தனை அல்ல. வேளாண் பூச்சிகளையும் நோய்களையும் தடுப்பதற்கான தனிச் சட்டத்தை 1919இலேயே இயற்றியது அன்றைய சென்னை மாகாணம். அச்சட்டத்தின் கீழ், தண்டுக் கூன்வண்டு போன்ற பூச்சிகளைத் தடுக்க, கம்போடியா பருத்திச் செடிகளைக் குறித்த காலத்துக்குள் பிடுங்கிவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. அன்று மரபணு மாற்றமும் இல்லை, இன்றைய மருந்துகளும் இல்லை. பூச்சியின் நாட்காட்டியை அறிந்து அதைக் குறுக்கே வெட்டினார்கள்.

கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. 1840களின் தொடக்கத்தில் குஜராத்தின் பரூச்சிலிருந்து அனுப்பப்பட்ட மாதிரிகளைக் கொண்டுதான் இந்தப் பூச்சி அறிவியல் உலகுக்கு முதலில் அறிமுகமானது. 1917இல் அது அமெரிக்காவின் டெக்ஸாஸில் காணப்பட்டது. நூறாண்டுப் போராட்டத்துக்குப் பின், 2018 அக்டோபரில், தம் நாட்டின் பருத்தி விளையும் பகுதிகளிலிருந்து அது ஒழிக்கப்பட்டதாக அமெரிக்க வேளாண் துறை அறிவித்தது. பி.டி. பருத்தி, மலடாக்கிய அந்துப்பூச்சிகளைப் பறக்கவிடுதல், இனக்கவர்ச்சிப் பொருள், குறித்த காலத்தில் செடிகளை அழித்து உழுதல் ஆகிய அனைத்தும் பெரும் பரப்பில் ஒருங்கே நடந்தன. அவர்களுடைய பண்ணைகளின் பரப்பும் நிதியும் நமக்கு இல்லை. ஆயினும் ‘அனைவரும் ஒரே காலத்தில்’ என்ற விதி நமக்கும் பொருந்தும்.

என்ன செய்யலாம்?

உழவர் தம் வயலில் செய்யக்கூடியவை எளியவை. ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறிகளை வைத்து, இரவுக்கு 8 அந்துப்பூச்சி வீதம் தொடர்ந்து மூன்று இரவுகள் விழுந்தால் விழித்துக்கொள்ள வேண்டும். இதழ் விரியாமல் ரோஜா மொட்டுப்போல் குவிந்து நிற்கும் பூக்களைப் பறித்து அழிக்க வேண்டும். வாரம் ஒருமுறை 20 பச்சைக் காய்களை உடைத்துப் பார்த்து, இரண்டில் புழு இருந்தால் நடவடிக்கை தேவை என்று கொள்ள வேண்டும். பறிக்கும்போதே நல்ல பருத்தியையும் கொட்டையும் தனித்தனிச் சாக்கில் இட வேண்டும்.

கடினமானது கடைசிப் பறிப்பை விடுவது. நான் காயை உடைத்துக் காட்டிய பின் அந்த அம்மா கேட்டார்: “அப்ப செடிய இப்பவே புடுங்கச் சொல்றீங்களா? புடுங்குற கூலிய யாரு குடுப்பா?” நியாயமான கேள்வி. கடைசிப் பறிப்பில் கிடைப்பது கொட்டானாலும் கையில் வரும் காசு. செடியைப் பிடுங்குவதோ கையை விட்டுப் போகும் காசு. அதன் பயன் அடுத்த ஆண்டு, அதுவும் அக்கம்பக்கத்தார் எல்லோரும் பிடுங்கினால்தான் கிட்டும். ஊருக்கான பயனை ஒருவர் தலையில் செலவாக ஏற்றிவிட்டு, அவர் செய்யவில்லை என்று குறை கூறுவதில் அறம் இல்லை.

எனவே பொறுப்பு அரசுக்கும் வணிகத்துக்கும் ஆலைகளுக்கும் இருக்கிறது. பருத்திமாரைத் துண்டாக்கி மண்ணில் கலக்கும் இயந்திரங்களை, அறுவடை முடியும் வாரங்களில் ஊர்வாரியாக முறைவைத்து, சிறு உழவர்களுக்குக் கட்டணமின்றி அனுப்ப வேண்டும். அதுவரை ஆட்டுக்கிடை இருக்கிறது: பறிப்பு முடிந்த வயலில் ஆடுகளை விட்டால் எஞ்சிய பிஞ்சையும் காயையும் அவை தின்றுவிடும்; நிலத்துக்கு எருவும் ஆகும். ஜின்னிங் ஆலைகளிலும் விற்பனைக்கூடக் கிடங்குகளிலும் இனக்கவர்ச்சிப் பொறிகளைக் கட்டாயமாக்க வேண்டும். நீண்ட காலம் வயலில் நிற்கும் கலப்பின ரகங்களுக்கு மாற்றாக, ஒருசேர வெடித்து விரைவில் முடியும் குறுகிய கால ரகங்களின் விதை தாராளமாகக் கிடைக்க வேண்டும். ஸ்ரீரங்கம் வட்டத்தின் நாவலூர் குட்டப்பட்டில் வேளாண் கல்லூரியும் பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. கரிசல் பருத்திக்கும் நெல் தரிசுப் பருத்திக்கும் பொதுவான ஒரு பருவ நாட்காட்டியை, விதைப்பு நாளும் பிடுங்கும் நாளும் குறித்து, மாவட்ட எல்லைகளைத் தாண்டி வகுத்துத்தர இவ்விரண்டு நிறுவனங்களாலும் முடியும்.

தமிழக நூற்பாலைகள் நூற்கும் பஞ்சில் மிகப் பெரும்பகுதி வெளிமாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருகிறது. உள்ளூர்ப் பருத்தியை வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. சீரான தரத்தில் வேண்டும் என்கிறார்கள். 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில் பருத்தி உற்பத்தித்திறனுக்கென ஐந்தாண்டு இயக்கம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதன் நிதியில் ஒரு பங்கேனும், விளைந்ததைக் காப்பதற்கும் பருவத்தை முடித்துவைப்பதற்கும் செல்ல வேண்டும்.

அந்த அம்மாவின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. செடியைப் பிடுங்குவது சரி என்று சொல்லும் அறிவு என்னிடம் இருந்தது. கூலியை யார் கொடுப்பது என்று சொல்லும் ஏற்பாடு நாட்டிடம் இல்லை. மாசிக் கடைசியில் அவ்வழியே சென்றபோது செடிகள் அப்படியே நின்றிருந்தன. காய்ந்த காய்கள் சில அவற்றில் ஆடிக்கொண்டிருந்தன.